உவர் எனக்குப் பிறகு வந்தவர்: விமானக் கம்பனிகள் இணையும்போது வரிசைக்கு என்ன நடக்கிறது?

2023இல், நான் கம்பஸுக்கு வந்த புதிதில், பெரியம்மாவைச் சென்னைக்கு அனுப்பப் பலாலிக்குப் போயிருந்தோம். அம்மப்பாவும் வரத்தான் வேணும் என்று வெளிக்கிட்டு வந்தார். பெரியம்மா உள்ளே போன பிறகும் அவர் வீட்டுக்குத் திரும்ப விடவில்லை. பிளேன் எழும்புறதைப் பார்த்திட்டுத்தான் போறது என்று றோட்டோரம் நின்றார். கடைசியில் இரண்டு பக்கமும் விசிறி சுத்துகிற ஒரு ஏ.ரி.ஆர். விமானம் எழும்பிப் போனது.

"உது ஆற்ற பிளேன்?"

"இந்தியாவின்ர. அலையன்ஸ் எயார்."

"எயார் இந்தியாவோ?"

எனக்கும் சரியாகத் தெரியாது. போனில் தேடி வாசித்துச் சொன்னேன். அலையன்ஸ் எயார் 1996இல் இந்தியன் எயார்லைன்ஸின் துணைக் கம்பனியாகத் தொடங்கினது. 2007இல் இந்தியன் எயார்லைன்ஸையும் எயார் இந்தியாவையும் ஒன்றாக்கினார்கள். 2022 ஜனவரியில் எயார் இந்தியாவை டாட்டா வாங்கியது. அலையன்ஸ் எயார் மட்டும் அந்த விற்பனைக்குள் போகாமல் அரசாங்கத்திடமே நின்றுவிட்டது. அதாவது 2019 நவம்பரில் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசெம்பரில் திரும்பவும் பலாலிக்கு வரத் தொடங்கிய அந்த விமானம், ஒரு பெரிய இணைப்பில் மிஞ்சின ஒரு துண்டு.

அம்மப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு கேட்டார்:

"சேர்த்தவங்களோ? அப்ப ஆற்ற சேர்வீசைக் கணக்கெடுத்தவங்கள்?"

ஒரு கம்பனி இன்னொன்றோடு சேர்ந்தது என்றால் எனக்கு முதலில் வருகிற கேள்வி லாபமா நட்டமா என்பது. அவருக்கு வந்தது இந்தக் கேள்வி. ஏன் என்று எங்கட வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அம்மப்பா 1963இல் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் விற்பனையாளராகச் சேர்ந்தவர். 1969இல் முகாமையாளரானார். 1971இல் அரசாங்கம் நாடு முழுக்க இருந்த சின்னச் சின்னச் சங்கங்களை ஒன்றாக்கிப் பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாக மாற்றத் தொடங்கியது. எங்கட ஊர்ச் சங்கமும் பக்கத்து ஊர்களோடு சேர்ந்தது. பக்கத்து ஊரில் 1966இல் சேர்ந்த ஒருவர் 1967இலேயே முகாமையாளராகியிருந்தார். புதிய பட்டியல் போடும்போது, வேலைக்குச் சேர்ந்த திகதியை விட்டுவிட்டு, முகாமையாளரான திகதியைத்தான் பார்த்தார்கள். மூன்று வருசம் பிந்தி வந்தவர் அம்மப்பாவுக்கு மேலே போனார். பிறகு வந்த பெரிய பதவியும் அவருக்குத்தான் கிடைத்தது. ஐம்பது வருசம் போய்விட்டது. அந்த மனுசனும் செத்துப்போனார். அம்மப்பா இன்னமும் சொல்லுவார்: "உவர் எனக்குப் பிறகு வந்தவர்."

அம்மப்பாவின் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் எயார் இந்தியாவின் கதையை வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, அது எங்கட ஊர்ச் சங்கத்தின் கதைதான் என்று விளங்கியது. தொகைதான் பெரிசு.

ஒரு இலக்கத்துக்குள் ஒரு வாழ்க்கை

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வங்கியிலோ பாடசாலையிலோ சேவை மூப்பு முக்கியம்தான். ஆனால் விமானிகளுக்கு அது கிட்டத்தட்ட எல்லாமும். பெரிய விமானக் கம்பனிகள் பலவற்றில் ஒவ்வொரு விமானிக்கும் பட்டியலில் ஒரு இலக்கம் இருக்கும். துணை விமானி எப்போது கப்டன் ஆகலாம், சின்ன விமானத்திலிருந்து பெரிய விமானத்துக்கு எப்போது மாறலாம், எந்த ஊரைத் தளமாக வைத்திருக்கலாம், தீபாவளிக்கு லீவு கிடைக்குமா, ஆட்குறைப்பு வந்தால் முதலில் வீட்டுக்குப் போகிறது யார் என்று பலதையும் அந்த இலக்கம்தான் தீர்மானிக்கிறது. சம்பளம் விமானத்தின் அளவோடும் பதவியோடும் போகிறதால், இலக்கம் என்றால் காசும்தான்.

இன்னொரு விசயம், அந்த இலக்கத்தை வேறு கம்பனிக்குக் கொண்டுபோக முடியாது. இருபது வருசம் பறந்த கப்டன் அப்படிப்பட்ட வேறு கம்பனிக்குப் போனால், அங்கே பட்டியலின் அடியில்தான் தொடங்க வேண்டும். அதனால் ஒரு விமானி வருசக்கணக்காக ஒரே கம்பனியில் இருந்து சேர்த்து வைக்கிற சொத்து என்றால் அது வரிசையில் தன் இடம்தான்.

'திறமைக்கு இடமில்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். தொழிற்சங்கங்கள் இதற்குச் சொல்கிற நியாயம் பாதுகாப்பு. பதவி உயர்வு முகாமையாளரின் விருப்பத்தில் இருந்தால், "காலநிலை சரியில்லை, நான் எடுக்கமாட்டன்" என்று சொல்கிற விமானி பழிவாங்கப்படலாம். இலக்கம் ஒருவரின் முகத்தைப் பார்க்காது. தகுதிப் பரீட்சையில் தவறினால் மூப்பு காப்பாற்றாது. ஆனால் தகுதி உள்ளவர்களுக்குள் யார் முதல் என்பதை வரிசை சொல்லும்.

இப்போது இரண்டு கம்பனிகள் ஒன்றாகின்றன. இரண்டு பட்டியல்களை ஒரே பட்டியலாக்க வேண்டும். உலகத்தில் இதற்குப் பெரும்பாலும் மூன்று வழிகள்தான் பாவிக்கப்பட்டிருக்கின்றன.

முதலாவது, வேலைக்குச் சேர்ந்த திகதி. யார் முதலில் சேர்ந்தாரோ அவர் மேலே. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஒரு கம்பனி பழசு, மற்றது அண்மையில் வேகமாக வளர்ந்தது என்றால், பழைய கம்பனியின் ஆட்கள் முழுப் பேரும் மேலே போய் இருந்துவிடுவார்கள். அவர்களின் கம்பனி வங்குரோத்தாகிக்கொண்டிருந்திருந்தாலும், புதுக் கம்பனி கொண்டுவந்த நல்ல ஆசனங்களை அவர்களே எடுப்பார்கள்.

இரண்டாவது, விகிதம். இரண்டு பட்டியல்களையும் பதவியும் விமான வகையும் பார்த்துப் படிமுறையாகக் கோர்ப்பது. கப்டனோடு கப்டன், துணை விமானியோடு துணை விமானி. இங்கே ஒருவர் எத்தனை வருசம் வேலை செய்தார் என்பதைவிட, இணையும் நாளில் எந்த ஆசனத்தில் இருந்தார் என்பதுதான் பேசும். எங்கட அம்மப்பாவுக்கு நடந்தது இதுக்குக் கிட்டத்தான்.

மூன்றாவது, அடியில் ஒட்டுவது. வாங்குகிற கம்பனியின் பட்டியல் அப்படியே இருக்கும். வாங்கப்பட்ட கம்பனியின் ஆட்கள் அதற்குக் கீழே வருவார்கள்.

ஒவ்வொரு பக்கமும் தனக்கு லாபமான அளவுகோலைத்தான் நியாயம் என்று சொல்லும். இதில் பொய் ஒன்றும் இல்லை. மூன்று அளவுகோலுக்குள்ளும் கொஞ்ச நியாயம் இருக்கிறது.

ஒரு வீடு, இரண்டு சமையல்

இந்தியாவில் விமானக் கம்பனிகளைச் சேர்ப்பது 2007இல் தொடங்கிய வேலை இல்லை. 1953இல் நேரு அரசாங்கம் விமானக் கூட்டுத்தாபனச் சட்டத்தைக் கொண்டுவந்து, உள்நாட்டில் பறந்த 8 தனியார் கம்பனிகளை ஒன்றாக்கி இந்தியன் எயார்லைன்ஸ் கூட்டுத்தாபனத்தை உருவாக்கியது. டெக்கான் எயார்வேய்ஸ், பாரத் எயார்வேய்ஸ், கலிங்கா எயார்லைன்ஸ், ஹிமாலயன் ஏவியேஷன் என்ற பெயர்கள் எல்லாம் அதற்குள் கரைந்தன. வெளிநாட்டுக்குப் பறக்கிறதற்கு எயார் இந்தியா தனிக் கூட்டுத்தாபனமானது.

அதற்குப் பிறகு ஐம்பது வருசத்துக்கு மேல் இரண்டும் ஒரே முதலாளியின் இரண்டு பிள்ளைகள் மாதிரி வளர்ந்தன. ஆனால் வளர்ந்த விதம் வேறு. எயார் இந்தியாவிடம் போயிங் 747 போன்ற பெரிய விமானங்கள், நீண்ட தூரப் பயணங்கள். இந்தியன் எயார்லைன்ஸிடம் 1989 தொடக்கம் எயார்பஸ் ஏ320, உள்நாடும் பக்கத்து நாடுகளும். விமானிகளுக்குச் சங்கமும் வேறு வேறு. எயார் இந்தியாவில் இந்தியன் பைலட்ஸ் கில்ட். இந்தியன் எயார்லைன்ஸில் இந்திய வர்த்தக விமானிகள் சங்கம்.

இங்கேதான் சிக்கல். இந்தியன் எயார்லைன்ஸில் ஒரு துணை விமானி கப்டனாக எடுத்த காலத்தைவிட எயார் இந்தியாவில் அதிக காலம் எடுத்தது. ஒரே வருசம் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உள்நாட்டு ஏ320இல் நாலு கோடு போட்ட கப்டன். மற்றவர் நியூயோர்க் போகிற விமானத்தில் இன்னமும் வலப்பக்க ஆசனத்துத் துணை விமானி. சம்பளமும் அப்படித்தான். எயார் இந்தியா விமானிகளுக்குக் குறிப்பிட்ட மணித்தியாலங்களுக்கான பறப்புக் கொடுப்பனவு நிச்சயம். மற்றப் பக்கத்தாருக்குப் பறந்த மணித்தியாலத்துக்குத்தான் காசு. இந்த இரண்டு பேரில் யார் மூத்தவர்? சேர்ந்த திகதியைப் பார்த்தால் ஒரு பதில். கப்டனான திகதியைப் பார்த்தால் இன்னொரு பதில். பறக்கிற விமானத்தின் பருமனைப் பார்த்தால் மூன்றாவது பதில்.

2007 மார்ச்சில் இந்திய அமைச்சரவை இணைப்புக்கு ஒப்புதல் கொடுத்தது. பிரபுல் பட்டேல் அப்போது விமானப் போக்குவரத்து அமைச்சர். ஆகஸ்டில் இரண்டும் சட்டப்படி ஒரு கம்பனி. பெயர், இலச்சினை, விமானத்துக்கு அடிக்கிற நிறம் எல்லாம் மாறியது. ஆனால் இந்தியன் எயார்லைன்ஸின் ஐ.சி. என்ற பறப்புக் குறியீடுகூட 2011 பெப்ரவரி வரைக்கும் இருந்தது. 1999 காந்தகார் கடத்தலால் எங்களுக்குத் தெரிந்த ஐ.சி. 814 என்ற இலக்கத்தில் இருக்கிற அதே ஐ.சி.தான். குறியீட்டை ஒன்றாக்கவே மூன்றரை வருசம் என்றால், மூப்புப் பட்டியலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெளியில் ஒரு கம்பனி. உள்ளே இரண்டு சம்பள முறை, இரண்டு சங்கம், இரண்டு வரிசை.

2011 ஏப்ரல் கடைசியில் வெடித்தது. பழைய இந்தியன் எயார்லைன்ஸ் விமானிகள் சமசம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 10 நாள் நடந்தது. சங்கத்தின் அங்கீகாரத்தை நிர்வாகம் பறித்தது, நீதிமன்றம் தலையிட்டது, மே 6ஆம் திகதியளவில் ஒரு உடன்பாட்டோடு முடிந்தது. அதற்குப் பிறகுதான், அதாவது இணைப்பு நடந்து கிட்டத்தட்ட நாலு வருசத்துக்குப் பிறகு, ஊழியர்களை எப்படிச் சேர்ப்பது என்று ஆராய ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதியரசர் தர்மாதிகாரி தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. 2012 ஜனவரி கடைசியில் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது.

அறிக்கையின் மை காய முதல் மற்றப் பக்கம் வெடித்தது. இம்முறை காரணம் சம்பளம் இல்லை, ஒரு விமானம். போயிங் 787 டிரீம்லைனர். இணைப்புக்கு முதலே எயார் இந்தியா 27 டிரீம்லைனர்களுக்கு ஓடர் கொடுத்திருந்தது. அவை வர ஆயத்தமான நேரம், பயிற்சிக்கு இரண்டு பக்க விமானிகளையும் அனுப்ப நிர்வாகம் முடிவெடுத்தது. பழைய எயார் இந்தியா விமானிகள் சொன்னது: 'இந்த விமானங்கள் எங்கட கம்பனி வாங்கினது. இதுக்காக வருசக்கணக்காகக் காத்திருந்தது நாங்கள். எங்கட துணை விமானிகள் இதில்தான் கப்டனாக வேணும்.' மற்றப் பக்கம் சொன்னது: 'இப்ப ஒரே கம்பனி. எங்கட விமானம் உங்கட விமானம் எண்டு ஒண்டு இல்லை.'

2012 மே 8ஆம் திகதி தொடக்கம் விமானிகள் சுகவீன லீவு போட்டார்கள். 58 நாள். நீண்டதூரப் பறப்புகள் பல ரத்தானது. 101 விமானிகள் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். இந்தியன் பைலட்ஸ் கில்ட்டின் அங்கீகாரமும் போனது. ஜூலைத் தொடக்கத்தில், டில்லி மேல் நீதிமன்றத்தில் வேலைக்குத் திரும்புவதாக உறுதி கொடுத்து முடித்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து, செப்டெம்பரில், முதல் டிரீம்லைனர் டில்லியில் வந்து இறங்கியது.

ஒரு வருச இடைவெளியில் இரண்டு வேலைநிறுத்தம். முதலாவதில் ஒரு பக்கம், இரண்டாவதில் மற்றப் பக்கம். வாசிக்கும்போது எனக்குப் பட்டது, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று எதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், பட்டியல் இல்லாமல் கம்பனியைச் சேர்த்தவர்கள் அந்தச் சண்டைக்குள் இல்லவே இல்லை. 2011இல் வந்த இந்தியக் கணக்காய்வாளரின் அறிக்கை இந்த இணைப்பு நேரத்தோடு செய்யப்படவில்லை என்றும், அதன் நிதிக் கணக்கு முன்கூட்டியே சரியாகப் பரிசோதிக்கப்படவில்லை என்றும் விமர்சித்தது. ஆனால் வரிசையில் நின்றவர்களின் வருசங்களுக்குக் கணக்கு எழுதுகிற பேரேடு ஒன்றும் இல்லை.

அமெரிக்கர்கள் போட்ட வேலி

இது இந்திய அரசாங்கத்தின் மெத்தனம் மட்டும் என்று நினைத்தால் பிழை. அமெரிக்காவில் இதைவிட மோசமாக நடந்திருக்கிறது.

2001இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் வங்குரோத்தான டி.டபிள்யூ.ஏ. கம்பனியை வாங்கியது. டி.டபிள்யூ.ஏ. விமானிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களை அமெரிக்கன் பட்டியலின் அடியில் ஒட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு வருசம் பறந்தவர், நேற்றுச் சேர்ந்தவருக்குக் கீழே. அவர்களைப் பாதுகாக்க சென்ற் லூயிஸ் நகரத் தளத்தில் மட்டும் ஒரு 'வேலி' போட்டார்கள். வேலி என்பது அவர்கள் தொழிலில் பாவிக்கிற சொல்லுத்தான்: குறிப்பிட்ட தளம் அல்லது விமான வகைக்குள் மற்றப் பக்கத்தார் குறிப்பிட்ட காலத்துக்கு வரக்கூடாது என்ற ஏற்பாடு. யாழ்ப்பாணத்தாருக்கு வேலி என்றால் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அந்த வருச செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானத்துறை விழுந்தது. ஆட்குறைப்பு பட்டியலின் அடியிலிருந்து தொடங்கியது. அடியில் இருந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

டி.டபிள்யூ.ஏ.யின் மாநிலமான மிசூரியின் இரண்டு செனட்டர்கள், மக்கஸ்கில் ஜனநாயகக் கட்சி, பொண்ட் குடியரசுக் கட்சி, சேர்ந்து 2007இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். விமானக் கம்பனிகள் இணையும்போது மூப்புப் பட்டியல் நியாயமாகவும் நேர்மையாகவும் இணைக்கப்பட வேண்டும், உடன்பாடு வராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்பது அதன் சாரம். 1972இல் அலகெனி, மொஹாக் என்ற இரண்டு கம்பனிகள் இணைந்தபோது வகுத்த பாதுகாப்பு விதிகளைத்தான் அது சட்டமாக்கியது.

நடுவர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. 2005இல் யூ.எஸ். எயார்வேய்ஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைந்தன. யூ.எஸ். எயார்வேய்ஸில் வயது போனவர்கள், பலர் ஆட்குறைப்பில் வீட்டில். அமெரிக்கா வெஸ்ட்டில் இளம் ஆட்கள், ஆனால் வேலையில் இருக்கிறார்கள். 2007இல் ஜோர்ஜ் நிக்கொலோ என்ற நடுவர் தீர்ப்புச் சொன்னார். பட்டியலின் உச்சியில் 517 இடங்களைப் பெரிய விமானங்கள் ஓட்டிய யூ.எஸ். எயார்வேய்ஸ் விமானிகளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை விகிதப்படி கோர்த்தார். ஆட்குறைப்பில் இருந்தவர்கள் அடிக்குப் போனார்கள். 17 வருசத்துக்கு முதல் சேர்ந்த ஒருவர், சில மாதம் முன் சேர்ந்தவருக்குக் கீழே வந்தார். கிழக்குப் பக்க விமானிகளுக்குத்தான் தொகை கூட. அவர்கள் வாக்களித்துப் பழைய தொழிற்சங்கத்தையே வெளியேற்றிப் புதுச் சங்கம் அமைத்தார்கள். அந்தத் தீர்ப்பு ஒருபோதும் நடைமுறைக்கு வரவில்லை. அந்தக் கம்பனி அமெரிக்கன் எயார்லைன்ஸோடு சேர்ந்து, 2016இல் வேறொரு நடுவர் குழு புதிய பட்டியல் போடும் வரைக்கும், ஒரே சீருடை போட்டவர்கள் இரண்டு பட்டியலில் பறந்தார்கள்.

மூன்றாவது ஆசனம்

இதுவரை விமானிகளைப் பற்றித்தான் சொன்னேன். இவர்களைவிடப் பாவம் ஒரு கூட்டம் இருந்தது. பறப்புப் பொறியியலாளர்கள்.

பழைய பெரிய விமானங்களில் விமானி அறையில் மூன்றாவதாக ஒருவர் இருப்பார். பக்கச் சுவரில் இருக்கிற மானிகளைப் பார்த்து எரிபொருள், இயந்திரம், மின்சாரம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் கவனிப்பவர். அவர்களில் பலர் விமானி இல்லை. திருத்துநராக நிலத்தில் தொடங்கி ஆகாயத்துக்கு ஏறினவர்கள். அவர்களுக்கென்று தனிச் சங்கம், தனி மூப்புப் பட்டியல்.

ஜெற் விமானங்கள் வந்தபோது அமெரிக்காவில் ஒரு கேள்வி வந்தது: அந்த மூன்றாவது ஆசனம் பொறியியலாளருக்கா, இல்லை இளம் விமானிக்கா? 1961இல் யுனைற்றட் கம்பனியில் விமானிகளையும் பறப்புப் பொறியியலாளர்களையும் ஒரே வகுப்பாகக் கருத வேண்டும் என்று அரச தொழில் சபை முடிவுசெய்தது. ஒரே வகுப்பு என்றால் வாக்கெடுப்பில் தொகை கூடின விமானிகளின் சங்கம்தான் வெல்லும். பொறியியலாளர்கள் பல கம்பனிகளில் வேலையை விட்டு இறங்கினார்கள். கென்னடி அரசாங்கம் ஒரு ஆணைக்குழுவை அமைத்து, நாலு பேர் இருந்த விமானி அறையை மூன்றாகக் குறைத்து, பொறியியலாளர்களுக்கு விமானிப் பயிற்சி கொடுத்து அந்த ஆசனத்தில் முன்னுரிமை கொடுக்கிற மாதிரி ஒரு வழி தேடியது. 1962இல் ஈஸ்டேர்ன் கம்பனியின் பொறியியலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய, கம்பனி அந்த ஆசனத்தில் விமானிகளை இருத்திப் பறந்தது.

இங்கே சேர்ந்தது இரண்டு கம்பனி இல்லை, இரண்டு தொழில். ஆனால் கேள்வி அதேதான். சின்ன வரிசை பெரிய வரிசைக்குள் போகும்போது, சின்ன வரிசையின் வருசங்கள் எங்கே போகின்றன?

அதற்குப் பிறகு அந்த ஆசனமே போய்விட்டது. இந்தியன் எயார்லைன்ஸின் ஏ300க்கும் எயார் இந்தியாவின் பழைய 747க்கும் பறப்புப் பொறியியலாளர் தேவை. பின்னால் வந்த ஏ310, ஏ320 விமானங்களுக்கு இரண்டு விமானிகள் போதும். எங்கட நாட்டிலும் எயார் லங்காவின் ட்ரைஸ்டாரில் மூன்று பேர். 1994இல் ஏ340 வந்தபோது இரண்டு பேர். வரிசையில் முதலாவதாக நின்றாலும், வரிசையே இல்லாமல் போனால் முதலாவது என்பதில் ஒன்றும் இல்லை.

எங்கட பக்கம்

எங்கட விமான வரலாறும் வடக்கோடுதான் தொடங்குகிறது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் பறப்பு இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை ஊடாகச் சென்னைக்குப் போனது. அந்தக் கம்பனி 1978இல் நின்றது. 1979இல் எயார் லங்கா என்ற புதுக் கம்பனி தொடங்கியது. 2007இல் அரசாங்கமே மிஹின் லங்கா என்று இன்னொன்றைத் தொடங்கி, 2016 ஒக்டோபரில் அதை நிறுத்தி, சேவைகளை ஸ்ரீலங்கனிடம் கொடுத்தது. 2022 நெருக்கடிக்குப் பிறகு ஸ்ரீலங்கனை விற்கிறதா, யாரோடாவது சேர்க்கிறதா என்று எவ்வளவு கதைத்தார்கள். எனக்கு அதில் ஞாபகம் இருக்கிறது எல்லாம் கடன் தொகைதான். வேலை செய்கிறவர்களின் வரிசையைப் பற்றி யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. நானும் கேட்கவில்லை.

2007இன் பாடம் இந்தியாவில் படிக்கப்பட்டதா? டாட்டா வாங்கிய பிறகு விஸ்தாராவை எயார் இந்தியாவோடு சேர்க்கிற வேலை தொடங்கியது. 2024 ஏப்ரலை ஒட்டி விஸ்தாரா விமானிகள் கொதித்தார்கள். முதல் 70 மணித்தியாலத்துக்கு நிச்சயமாக இருந்த கொடுப்பனவு, எயார் இந்தியாவோடு சமப்படுத்தும்போது 40 ஆனது. விமானிகள் இல்லாமல் பறப்புகள் ரத்தாகி, கம்பனி தன் நேரசூசியையே குறைக்க வேண்டி வந்தது. நவம்பர் 12ஆம் திகதி இணைப்பு நடந்து முடிந்தது. ஒரு வித்தியாசம் உண்டு: இந்த முறை சண்டை இணைப்புக்கு முதலே வந்தது. கதைக்க வேண்டியதைக் கல்யாணத்துக்கு முதல் கதைத்தது நல்லதுதான், கசப்பாக இருந்தாலும்.

இவ்வளவையும் வாசித்த பிறகு எனக்கு விளங்கினது இதுதான். எல்லாருக்கும் நியாயமான பட்டியல் என்று ஒன்று இல்லை. இரண்டு வரிசையில் நின்றவர்களும் உண்மையாகவே நின்றவர்கள். ஒருவரின் வருசத்தை முழுசாக எண்ணினால் மற்றவரின் வருசம் குறையும். ஆனால் நியாயமான பட்டியல் இல்லாவிட்டாலும் நியாயமான வழி என்று ஒன்று இருக்கிறது. பட்டியலை இணைப்புக்கு முதல் போடு. இரண்டு பக்கத்தையும் மேசையில் இருத்து. இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஒருவரிடம் முடிவைக் கொடு. கொஞ்சக் காலத்துக்கு வேலி போடு. 2007இல் டில்லி இதில் ஒன்றையும் நேரத்துக்குச் செய்யவில்லை. கம்பனி சேர்வதற்கு ஒரு கையெழுத்துப் போதும். ஒரு ஆள் வேலையில் போட்ட பதினைந்து வருசத்தை இன்னொரு ஆளின் பதினைந்து வருசத்தோடு சேர்க்க அது போதாது. கையெழுத்துப் போடுகிறவர்கள் அந்த வரிசையில் நிற்காதபடியால் அவர்களுக்கு இது விளங்குவதில்லை.

போன மாதம் இதை அம்மப்பாவுக்கு முழுசாகச் சொன்னேன். டிரீம்லைனர் கதையைக் கவனமாகக் கேட்டார். கடைசியில் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கேட்கவா விடவா என்று யோசித்துத்தான் கேட்டேன்.

"அம்மப்பா, அந்த மற்றவர் உங்களுக்கு முதல் முகாமையாளரா இருந்தவர்தானே. சேர்ந்த திகதியைப் பார்த்து அவரைக் கீழ போட்டிருந்தா, அவரும் உங்களை மாதிரித்தானே சொல்லியிருப்பார்?"

கோவிப்பார் என்று நினைத்தேன். கோவிக்கவில்லை.

"ஓம், சொல்லியிருப்பார்" என்றார். "நாங்கள் ரெண்டு பேரும் ஒரே கந்தோரில பதினெட்டு வருசம் இருந்தனாங்கள். ஒரு நாளும் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. அந்தப் பட்டியலைப் போட்டவனை நாங்கள் ரெண்டு பேரும் கண்டதே இல்லை, பிள்ளை."